திணித்தலும் மனனமும்: ஓர் ஆங்கில வழக்கும் அதன் தமிழ்ப் பொருளும்

பரீட்சைக் காலம் நெருங்கும்போது பல்கலைக்கழக விடுதிகளில் ஆங்கிலச் சொல்லொன்று எல்லாப் பீடத்து மாணவரின் வாயிலும் புழங்கத் தொடங்குகின்றது. 'கிராம்' பண்ணுதல் என்பதே அது. விடைத்தாள்கள் திருத்தப்படும் காலத்தில் அதே சொல் விரிவுரையாளர் அறைகளிலும் கேட்கின்றது. அங்கு அது குற்றச்சாட்டாக மாறிவிடுகின்றது. ஒரு மாணவர் 'கிராம்' பண்ணினார் என்றால் அவர் மனனம் செய்து ஒப்புவித்தார் என்பதே இருசாராரும் கொள்ளும் பொருளாகும். இதனை அடியொற்றி, தமிழரின் பழைய கல்வி வெறும் மனனக் கல்வி என்றும், இன்றைய மாணவரிடம் காணப்படும் சிந்தனை வறுமை அதன் எச்சமே என்றும், விளங்கிக் கற்றல் மேனாட்டார் கொண்டுவந்த வழக்கம் என்றும் ஒரு வாதம் கருத்தரங்குகளில் முன்வைக்கப்படுவதுண்டு.

இவ்வாதம் சொல்லின் பொருளையும் அறியாது, சொல் பிறந்த வரலாற்றையும் அறியாது எழுந்ததாகும். 'கிராம்' என்னும் வழக்கு மனனத்தைக் குறிப்பதன்று. அது தமிழரின் திண்ணைப் பள்ளியிற் பிறந்ததுமன்று. இங்கிலாந்தின் பரீட்சை மண்டபத்து வாயிலில், இங்கிலாந்தின் மாணவரையே குறித்துப் பிறந்தது. அதன் பொருளைத் தவறாகக் கொண்டமையால் குற்றமற்ற மனனம் தண்டிக்கப்படுகின்றது. உண்மைக் குற்றவாளியோ கண்டிப்போரின் மேசையிலேயே பத்திரமாக இருக்கின்றது.

1. சொல் வந்த வழி

'கிராம்' பழைய ஆங்கிலத்திலேயே காணப்படும் சொல். நெருக்கி அடைத்தல், திணித்தல் என்பது அதன் முதற்பொருள். இங்கிலாந்தின் பண்ணைகளில் அதற்குச் சிறப்புப் பொருளொன்றும் வாய்த்தது. விற்பனைக்குரிய கோழிகளை விரைவிற் கொழுக்கச் செய்வதற்காகப் பிசைந்த மாவை அவற்றின் தொண்டையுள் அளவுக்கு மீறித் திணிப்பர். அச்செயலும் இச்சொல்லாலேயே வழங்கப்பட்டது. கோழியின் பசியும் நலமும் அங்கு கணக்கில் இல்லை. சந்தை நாளில் தராசு காட்டும் எடை ஒன்றே கணக்கு.

கல்விக்கு இச்சொல் உருவகமாக வந்தமை தற்செயலன்று. 1741இல் வெளியான 'மனத்தை மேம்படுத்தல்' என்னும் நூலில் ஐசக் வாட்ஸ், செரிமானமின்றி உண்பவனுக்கும் சிந்தியாது படிப்பவனுக்கும் ஒப்புமை காட்டுமிடத்து இச்சொல்லை ஆண்டுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவரின் குழூஉக்குறியாகி, பரீட்சைக்காக மட்டும், குறுகிய காலத்துள், மறப்பதற்கென்றே படிக்கும் படிப்பைச் சுட்டலாயிற்று.

அதன் அயலில் வழங்கும் பிற சொற்களோடு ஒப்பிடின் இப்பொருள் மேலும் தெளிவாகும். 'சுவொட்' என்பது வியர்வையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வட்டார வடிவம். இராணுவக் கல்லூரி மாணவர் வழக்காகப் பரவி, கடுமையாக உழைத்துப் படிப்பதைக் குறித்தது. 'கிராஷ் கோர்ஸ்' இருபதாம் நூற்றாண்டு வழக்கு. அவசரத் தேவை கருதிச் சுருங்கிய காலத்திற் செறிவாகக் கற்பிப்பதை அது சுட்டும். முன்னதில் உழைப்பும் பின்னதில் விரைவும் முதன்மை பெறுகின்றன. 'கிராம்' என்பதிலோ அறிவு எவருடைய பயனுக்காக உள்ளே செல்கின்றது என்பதே முதன்மை பெறுகின்றது.

தமிழில் இதற்கு நேரான வழக்கு இல்லை என்பது மனங்கொளத்தக்கது. ஈழத்தமிழர் பாடமாக்குதல் என்பர்; உருப்போடுதல் என்பர்; நெட்டுரு என்பர். 'உரு' என்பது மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் முறையையும் எண்ணிக்கையையும் குறிப்பது. நாட்கணக்கில் நீளும் பயிற்சி அதன் உட்பொருள். நூலொன்றை முற்றக் கற்றவரைக் 'கரைத்துக் குடித்தவர்' என்று பாராட்டும் வழக்கும் உணவு சார்ந்ததே. ஆயின் கரைத்துக் குடித்தது செரித்து உடலோடு ஒன்றிவிடும். திணித்தது தொண்டையில் நிற்கும். நெட்டுருவிற் குறையுண்டு எனத் தமிழ் மரபும் அறிந்திருந்தது. எனினும் அக்குறையும் திணிப்பின் குறையும் ஒன்றாகா.

2. இங்கிலாந்தில் எழுந்த திணிப்புத் தொழில்

விளங்கிக் கற்றலின் தாயகமாகச் சிலர் போற்றும் இங்கிலாந்தின் நிலையை இனி நோக்கலாம். 1854இல் நோர்த்கோட்-டிரெவெலியன் அறிக்கை வெளியாயிற்று. செல்வாக்கும் உறவும் கொண்டு அரச பதவிகள் வழங்கப்பட்ட முறையை ஒழித்துப் போட்டிப் பரீட்சையைப் புகுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதே ஆண்டில் இந்திய நிர்வாக சேவைக்கான தெரிவு பற்றி மெக்கோலே தலைமையிலான குழுவும் அறிக்கை தந்தது. 1855இல் அச்சேவைக்கான போட்டிப் பரீட்சை தொடங்கியது. மேலோட்டமான அறிவுக்குப் புள்ளி வழங்கலாகாது என்று மெக்கோலே குழு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் நின்றது. வினாத்தாள் வந்த பின்னே, அதற்கு ஆள் தயாரிக்கும் தொழிலும் வந்தது.

இலண்டனில் இத்தொழில் நடத்தியோர், திணிப்போர் என்று பொருள்படும் பெயராலேயே பகிரங்கமாக அழைக்கப்பட்டனர். வால்டர் ரென் என்பாரின் நிலையம் இந்திய நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் புகழ்பெற்றது. சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்குக் கப்டன் ஜேம்ஸ் என்பாரின் நிலையம் பேர்பெற்றிருந்தது. இரு முறை தவறிய வின்ஸ்டன் சேர்ச்சில் அந்நிலையத்திற் பயின்ற பின்னர் மூன்றாம் முறை, 1893இல், அனுமதி பெற்றமையைத் தம் இளமை வரலாற்றில் மறைக்காது எழுதியுள்ளார். எந்த வினா வரும், எது வராது எனக் கணிப்பது அந்நிலையங்களின் கலை. இன்றைய இலங்கையின் ரியூட்டரி வாயில்களில் தொங்கும் விளம்பரப் பலகைகளுக்கு மூதாதையர் அவர்களே.

ஏழைச் சிறுவரின் நிலை இன்னும் மோசமானது. 1862இல் ரொபர்ட் லோவின் திருத்திய விதிக்கோவை, பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்னும் முறையை ஆரம்பப் பாடசாலைகளிற் புகுத்தியது. பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வருவார். வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்ப மானியம் கிடைக்கும். விளைவை ஊகிப்பது கடினமன்று. பரிசோதகர் கேட்கவிருக்கும் வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் ஒப்புவித்தனர். அதற்கு வெளியே ஒரு வரியையும் அவர்களால் வாசிக்க முடியாதிருந்தது. பரிசோதகராகவே பணிபுரிந்த மத்தியூ ஆர்னோல்ட் இம்முறையை இயந்திரத்தனமானது என ஓயாது கண்டித்து வந்தார். அப்பிள்ளைகள் நன்னூலைக் கண்டவர்களல்லர், எண்சுவடியைப் பாடியவர்களுமல்லர். மானியம் எதற்கு வழங்கப்பட்டதோ அதனையே பாடசாலை விளைவித்தது.

3. இலங்கைக்கு வந்த இறக்குமதி

இம்முறைகள் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளிலும் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்திற் கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகளும் இத்தீவுக்கு வந்தன. 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், எங்கு கற்றவராயினும் தன் பரீட்சைக்குத் தோற்றலாம் என விதித்திருந்தது. கற்பித்தலையும் பரீட்சித்தலையும் முற்றாகப் பிரித்த ஏற்பாடு அது. 1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. கடல் கடந்து எங்கோ இருக்கும் பரீட்சகரின் மனத்தை அறிய மாணவருக்கு இருந்த ஒரே சாளரம் கடந்தகால வினாத்தாள். அச்சாளரத்தின் வழியே உலகைப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

1945இன் இலவசக் கல்வி பாடசாலைக் கதவை எல்லோருக்கும் திறந்தது. பல்கலைக்கழகக் கதவோ அதே அளவு திறக்கவில்லை. ஊரிலுள்ள குடும்பத்திற்கு உத்தியோகம் என்பது ஒரே ஏணியாகவும், பரீட்சை அதன் முதற்படியாகவும் நின்றன. ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட 'பட்டச் சான்றிதழ் நோய்' என்னும் நூலில் இங்கிலாந்து, யப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்துள்ளார். தொழில்மயமாதலில் பிந்திய நாடுகளிலேயே சான்றிதழ் வேட்டை கடுமையாகும் என்பது அவர் முடிபு. இவற்றுள் எதற்கும் திண்ணைப் பள்ளி பொறுப்பன்று.

4. மனனத்தின் மீது சுமத்தப்பட்ட பழி

பழைய தமிழ்க்கல்வியின் குறைகள் மறைக்கப்பட வேண்டியனவல்ல. அது சாதியால் எல்லை கட்டப்பட்டிருந்தது. பெண்களைப் பெரும்பாலும் புறத்தே நிறுத்தியது. இயற்கை விஞ்ஞானத்துக்கு அதில் இடம் குறைவு. இக்குற்றங்களுக்காக அதனைக் கண்டிப்பதே முறை. செய்யாத குற்றத்துக்காகக் கண்டிப்பது முறையாகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்கும் முறையை விரித்துக் கூறுகின்றது. ஆறுமுக நாவலர் காண்டிகையுரையைப் பதிப்பித்த காலந்தொட்டு ஈழத்துத் தமிழ் மாணவர் பலர் அறிந்த பகுதி அது. பாடத்தைப் போற்றுதல் அங்கு ஒரு கடமையாகச் சொல்லப்படுவது உண்மையே. எனினும் அது தனித்து நிற்கவில்லை. கேட்டதை மீண்டும் நினைத்தல், உடன் கற்போருடன் பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை கூறல் ஆகியனவும் அதனோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழையின்றி அறிவான். மும்முறை கேட்டவனே பிறர்க்கு முறையறிந்து உரைப்பான் என அந்நூல் படிநிலை வகுக்கின்றது. ஆசிரியர் கூறியதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கிட்டும்; உடன் பயில்வோரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு கிட்டும்; எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும் என்பது அதன் கணக்கு. ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்குக் காற்புள்ளியே வழங்கிய மரபை மனனக் கல்வி மரபு என்று இகழ்வது எவ்வகையிற் பொருந்தும்?

உளவியல் ஆய்வும் இம்மரபின் பக்கமே நிற்கின்றது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூலில், பொருளற்ற பன்னிரண்டு அசைகள் கொண்ட தொடர்களைத் தாமே கற்றுச் சோதித்த முடிவுகளைத் தந்துள்ளார். முதல்நாள் ஒரே தடவையிற் செய்த 68 மீள்கூறல்களின் பயனும், முந்திய மூன்று நாட்களிற் பகிர்ந்து செய்த 38 மீள்கூறல்களின் பயனும் சமமாக இருந்தன. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் மாணவரிடையே நடத்திய சோதனையும் குறிப்பிடத்தக்கது. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் நடந்த சோதனையில் முன்னின்றனர். பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தின் பின் நடந்த சோதனையில் அவர்களைக் கடந்து சென்றனர். திணிப்பு ஏன் இவ்வளவு கவர்ச்சி உடையதாக இருக்கின்றது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு: மறுநாட் காலைக்கு அது உண்மையிலேயே பயன்படுகின்றது. அதன் பொய்மை வெளிப்படுவதற்கு முன்னர் பரீட்சை முடிந்துவிடுகின்றது.

ஆகவே நாளிடைவெளி விட்டு உருப்போடுதலும், கேட்டதை நினைத்துப் பார்த்தலும், ஒருவர்க்கொருவர் வினாவுதலும் திணிப்பின் உறவினரல்ல; அதன் மாற்று மருந்துகள். தனிம வரிசையை நினைவிற் கொள்ளாத இரசாயன மாணவரும், நரம்புகளின் பெயரை நினைவிற் கொள்ளாத மருத்துவ மாணவரும், செய்யுள் எதனையும் நெஞ்சில் வையாத தமிழ்ச் சிறப்புக்கலை மாணவரும் எதனைக் கொண்டு சிந்திப்பர் என்பதை மனனத்தைப் பழிப்போர் விளக்குதல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் வழங்கும் 'குப்பி' என்னும் மாணவர் வகுப்பும் இத்தொடர்பிற் கருதத்தக்கது. குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பர். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் இவ்வழக்கம் நன்னூல் கூறும் அரைப்பங்குக்கு நெருங்கியது. ஆயினும் பரீட்சைக்கு முதல்நாள் இரவு மட்டும் அவ்விளக்கு ஏற்றப்படின், சொல்லிக் கொடுப்பவர் புலமை பெறுகின்றார். கேட்போர் காற்பங்கோடு எழுந்து செல்கின்றனர்.

5. விரைவு குற்றமா?

மனனம் குற்றமன்றாயின் விரைவாவது குற்றமா எனின், அதுவுமன்று. 1942இல் யப்பானிய மொழி அறிந்தோர் பிரித்தானியாவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டனர். அம்மொழியைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும் என மொழியறிஞர் கருதியிருந்தனர். பெட்போர்ட் நகரில் ஒரு பாடசாலை அமைக்கப்பட்டு, ஒஸ்வல்ட் டக் என்னும் கடற்படை அதிகாரி ஆசிரியராக, கிரேக்கமும் இலத்தீனும் பயின்ற பல்கலைக்கழக இளைஞர் ஏறத்தாழ ஆறு மாத காலத்திற் பயிற்றப்பட்டனர். அவர்களிற் பலர் பகைவரின் இரகசியச் செய்திகளை வாசிக்கும் பணிக்குச் சென்றனர். அவர்கள் கற்றதும் விரைவிலேதான், பாடமாக்கியதும் ஏராளந்தான். ஆனால் கற்ற சொல் மறுமாதம் வேலைக்கு வந்தது. வேலை அச்சொல்லை நாள்தோறும் புதுப்பித்தது. பரீட்சை மண்டபத்து வாயிலில் அவ்வறிவைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்ல எவருக்கும் இயலவில்லை. கற்றது நிலைத்ததற்கு இதுவே காரணம்.

திணிப்புக்கு ஆதரவாகவும் ஒரு பேரறிஞர் எழுதியுள்ளார். பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவொன்ஸ் 1877இல் 'மைன்ட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே 'கிராம்' என்பதுதான். வாழ்க்கையில் விரைந்து ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதனைப் பயன்படுத்தி, பின் விட்டுவிடும் ஆற்றல் தேவை. சட்டத்தரணி தம் வழக்கை அவ்வாறே கற்கின்றார் என்னும் போக்கில் அமைந்தது இந்த ஆதரவு. இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் சட்டத்தரணி ஓரிரவிற் கற்பது வழக்கின் விவரங்களையே. அவ்விவரங்களைத் தாங்கி நிற்கும் சட்ட அறிவு பல்லாண்டுப் பயிற்சியால் வந்தது. மேலும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு உண்டு. விளங்காது ஒப்புவிப்பவரை அங்கு ஒரு குறுக்குக் கேள்வி வீழ்த்திவிடும். மூன்று மணித்தியால வினாத்தாளில் அக்குறுக்குக் கேள்வி எங்கே இருக்கின்றது?

6. குற்றவாளி எங்கே?

இக்கேள்வியே பிரச்சினையின் மையத்துக்கு இட்டுச் செல்கின்றது. திணிப்பை மாணவரின் ஒழுக்கக் குறைவாகக் காட்டுவது விரிவுரையாளருக்கு வசதியானது. மாணவரோ அறிவீனரல்லர், எதற்குப் புள்ளி வழங்கப்படுகின்றதோ அதனைச் செய்கின்றனர். மஞ்சளேறிய குறிப்பேட்டிலிருந்து விரிவுரை சொல்லெழுத்தாக வாசிக்கப்படுகின்றது. ஆண்டிறுதியில் அக்குறிப்பின் தலைப்புகளே வினாக்களாகின்றன. குறிப்பை உள்ளவாறே திருப்பித் தந்தவருக்கு உயர்புள்ளி கிடைக்கின்றது. தாமே நூல்களைத் தேடி வாசித்து மாறுபட்டு எழுதியவர் ஐயத்தோடு நோக்கப்படுகின்றார். இவ்வாறு கோழிக்கு மாவைப் பிசைந்து தந்தோரே, கோழி கொழுத்தது ஏன் என்று கருத்தரங்கு கூட்டுகின்றனர்.

'சிலப்பதிகாரத்தின் காப்பியப் பண்புகளை ஆராய்க' என்பது திணிப்பை வரவேற்கும் வினா. அதன் விடை ஆண்டாண்டாகக் கைமாறி வரும் குறிப்புகளில் ஆயத்தமாக உள்ளது. காப்பியத்தைத் திறவாமலே எழுதிவிடலாம். அதே காப்பியத்திலிருந்து வகுப்பில் விளக்கப்படாத ஒரு பகுதியைத் தந்து, கண்ணகி பற்றி வகுப்பிற் கூறப்பட்ட ஒரு முடிபை அப்பகுதி வலியுறுத்துகின்றதா, மறுக்கின்றதா எனக் கேட்பின் நிலை வேறாகும். அங்கு நூலை நெஞ்சில் வைத்திருப்பவருக்கு மனனம் கைகொடுக்கும். திணித்தவருக்கு எதுவும் கைகொடாது. மனனத்துக்கும் திணிப்புக்குமுள்ள வேறுபாட்டைக் காட்ட இதனினும் எளிய சோதனை இல்லை. இத்தகைய வினாவை ஆக்குவதற்கு உழைப்பு வேண்டும். திருத்துவதற்கு அதனினும் மிகுந்த உழைப்பு வேண்டும். பழைய வினாத்தாளின் இலக்கத்தை மாற்றி அச்சுக்கு அனுப்புவதும் ஒரு வகைத் திணிப்பே.

பரீட்சைகளையே ஒழித்துவிடலாம் என்னும் தீவிரவாதமும் ஏற்கத்தக்கதன்று. 1854ஆம் ஆண்டு அறிக்கை எதனை ஒழிக்க எழுந்ததோ, அந்தச் சிபாரிசும் செல்வாக்கும் பரீட்சை போன மறுநாளே திரும்பி வரும். மாமன் மச்சான் உயர்பதவியில் இல்லாத கிராமத்து மாணவருக்குப் பெயரறியாத பரீட்சகரே பாதுகாவலர். பருவமுறையையும் தொடர் மதிப்பீட்டையும் புகுத்தியதால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது என்பதும் கண்கூடு. வினாவின் இயல்பு மாறாவிடின், ஆண்டுக்கொரு திணிப்பு மாதத்துக்கொரு திணிப்பாகப் பெருகுவதே மிச்சம்.

தமிழ்மொழிமூல மாணவருக்கு இதில் மேலதிகச் சுமையும் உண்டு. பல துறைகளில் உயர்கல்விக்குரிய தமிழ் நூல்கள் மிகக் குறைவு. ஆங்கில நூலைத் தாமே வாசிக்கும் பயிற்சியும் அவர்களுக்குப் போதியளவு அளிக்கப்படுவதில்லை. நூலின்மையால் விரிவுரைக் குறிப்பே நூலாகின்றது. ஒரே நூல் உள்ளவருக்கு அதனைத் திணிப்பதைத் தவிர வேறு வழி யாது? 'சுயமாகச் சிந்தியுங்கள்' என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவோர், சிந்திப்பதற்குரிய இரண்டாவது நூலையும் மொழிபெயர்த்தோ எழுதியோ தருதல் வேண்டும். எழுதப்படாத அந்நூல்களுக்கான பொறுப்பு மாணவருடையதன்று.

செய்ய வேண்டியவை தெளிவானவை. விரிவுரைகள் சொல்லெழுத்தாவது நிற்க வேண்டும். வகுப்பிற் காணாத பகுதியொன்றேனும் ஒவ்வொரு வினாத்தாளிலும் இடம்பெற வேண்டும். எழுதியதைப் பற்றி வாய்மொழியாகக் குறுக்குக் கேள்வி கேட்கும் முறை, சிறப்புக்கலை வகுப்புகளிலேனும் நிலைபெற வேண்டும். குப்பி விளக்கு பரீட்சை இரவிலன்றிப் பருவத் தொடக்கத்திலேயே ஏற்றப்பட வேண்டும். செய்யுளையும் சூத்திரத்தையும் நெஞ்சில் வைத்திருப்பவர் ஏளனத்துக்கு உரியவரல்லர் என்பதும் உணரப்பட வேண்டும்.

ஆங்கிலேயர் தம் கல்வியின் நோயொன்றுக்குத் தாமே வைத்த பெயர் 'கிராம்' என்பது. பண்ணைக் கோழியிடமிருந்து அப்பெயரை எடுத்தபோது அவர்கள் தம்மைத் தாமே நையாண்டி செய்துகொண்டனர். அந்நோயைப் பரீட்சையோடு சேர்த்து இறக்குமதி செய்து, நோய்ப் பெயரை மட்டும் நன்னூலின் தலையில் ஒட்டிவைத்தமை ஈழத்துக் கல்வியுலகின் தவறாகும். தவறு திருத்தப்பட வேண்டிய இடம் அகராதி மட்டுமன்று. அடுத்த வினாத்தாளும் ஆகும்.